இரண்டு விரல் கழுத்து

“பொம்மையோட கழுத்தைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, சார்.”

கேட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்டுகளில் சால்டரிங் வேலை பார்க்கும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எதை வேணா கேளும்மா, கழுத்தை மட்டும் கேக்காத” என்று சொல்லியிருந்தார்.

மார்புக்கென்றே தனியாக ஒரு ஸ்கேனர் செய்கிறோம். பெண் குப்புறப் படுப்பாள். மேசைத் துளை வழியாக மார்பு கீழே தொங்கும். அதைச் சுற்றி வளையமாக எங்கள் டிடெக்டர்கள். பொம்மை என்பது சோதனைக்கான பிளாஸ்டிக் கிண்ணம். அதில் தண்ணீர் நிரப்பி, கட்டிகளுக்குப் பதிலாக ஐந்து மணிகளை வைத்து, துளையில் தொங்கவிடுவோம். கிண்ணத்துக்கு மேலே இரண்டு விரல் உயரமுள்ள ஒரு வளையம் உண்டு. அதுதான் கழுத்து. அது இருந்தால் ஐந்து மணிகளும் டிடெக்டருக்கு நேராக இறங்கி நிற்கும். ஏழு வருடமாக எல்லா அறிக்கையிலும் ஐந்துக்கு ஐந்து.

போன வாரம் அந்த மேசையில் நானே படுத்துப் பார்த்தேன். ஒன்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பெண் நான் ஒருத்திதான். மற்ற எட்டுப் பேருக்கும் அது தோன்றியதே இல்லை. விலா எலும்பு பலகையில் அழுந்தியது. எழுந்து, அந்த இடத்திலிருந்து டிடெக்டரின் படிகங்கள் தொடங்கும் இடம்வரை அளந்தேன். இருபத்தெட்டு மில்லிமீட்டர். நடுவில் பலகை, மூடி, அதற்கடியில் படிகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சர்க்யூட் போர்டு. இந்த இருபத்தெட்டுக்குள் எது இருந்தாலும் எங்கள் இயந்திரத்துக்குக் கண் தெரியாது. என் அம்மாவுக்குக் கட்டி வந்தது அங்கேதான், விலாவை ஒட்டி. குளிக்கும்போது அவள் கையில் தட்டுப்பட்டது.

“எதுக்கும்மா கழட்டணும்?” என்றார் தலைவர். பொம்மையை வடிவமைத்தவரே அவர்தான்.

“எந்தப் பொம்பளைக்கு சார் நெஞ்சுக்கும் மார்புக்கும் நடுவுல ரெண்டு விரல் கழுத்து இருக்கு?”

யாரோ இருமினார்கள். தலைவரின் காது சிவந்தது. “கழட்டுப்பா. பாத்துடலாம்.”

அண்ணன் என்னைப் பார்க்காமலே திருகுகளைக் கழற்றினார். இருபது நிமிடம் ஓடியது. திரையில் மூன்று மணிகள். மேலே இருந்த இரண்டும் சுத்தமாகக் காணோம்.

“ஓரத்துல கட்டி அபூர்வமாத்தாம்மா வரும்” என்றார் தலைவர்.

“அதைக் கட்டிகிட்ட சொல்லிட்டீங்களா சார்?”

அண்ணன் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை. “போர்டைக் கீழ்ப்பக்கம் மாத்திட்டா படிகத்தை மேல ஏத்திடலாம். வரைஞ்சு உங்க மேசையில வச்சிருக்கேன். அதுமேலதான் உங்க டீ கப் நிக்குது.”

“அடுத்த மாடல்ல பாத்துக்கலாம். திங்கக்கிழமை மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போகுது. கழுத்தோட எடுத்த ரிப்போர்ட்தான் கூடப் போகும். சோதிச்சவ நீ, கையெழுத்துப் போடு.” அறிக்கையைத் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுல நீதான முதல்ல படிச்சவ? நல்ல வேலை. கெடுத்துக்காத.”

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் படித்தவள் என்றால் முதலில் குனிய வேண்டுமா? அதற்கு நான் படிக்காமலே இருந்திருக்கலாமே.

“ஒன்னுமில்லம்மா, போயிட்டு வாங்கன்னு இந்த மெஷினைப் பாத்துச் சொல்லி அனுப்புவாங்க சார். வந்த பொம்பளைங்களும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க. கட்டியும் கூடவே போகும். அதுக்கா என் கையெழுத்து?”

பேனாவை மூடி அறிக்கையின் மேல் வைத்தேன். மூன்று மணிகள் மட்டும் தெரிந்த படத்தை அச்செடுத்து மடித்துக்கொண்டு, கழுத்தையும் கையில் எடுத்தேன்.

“ஏய், அதை எங்க எடுத்துட்டுப் போற?”

“ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட. காட்டிட்டுத் திருப்பித் தரேன்.”

“போனா இங்க திரும்பி வர முடியாது. நல்லா யோசிச்சுக்கோ.”

யோசித்தாகிவிட்டது. நான்கு மணிக்கு வருகிறேன் என்று காலையிலேயே டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். கழுத்து கைப்பைக்குள் முழுசாக நுழையவில்லை. ஜிப்பைத் திறந்தபடியே தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.