முக்கால் மாட்டிய சீட் கவர்

வீட்டில் அவனுக்கு முக்கால் என்று பெயர். எந்த வேலையைத் தொட்டாலும் முக்கால்வாசியில் நின்றுவிடுகிறதே என்று அக்காள் கணவர் வைத்த பெயர் அது. அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஒரு வண்டி சற்றுப் பிந்தினாலே முகம் கடுகடுத்துவிடும். மச்சினனைப் பார்க்கும்போதெல்லாம் நடுரோட்டில் நின்றுவிட்ட பஸ்ஸைப் பார்ப்பது போலத்தான் இருக்கும் அவருக்கு.

அப்படிப்பட்டவனிடம் தன் மனைவி அவளுடைய மலை வண்டியின் சீட்டை ஒப்படைத்துவிட்டாள் என்று கேட்டதும், டைம் கீப்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மலைமேல் நிற்கும் செல்போன் கோபுரங்களைப் பழுது பார்ப்பவள் அவள். ரோடு முடிகிற இடத்தில்தான் அவளுடைய வேலையே தொடங்கும். அதற்கென்று ஒரு நாலு சக்கர பைக் வைத்திருந்தாள். பார்த்தால் கைப்பிடி பைக்குக்கும் சக்கரம் டிராக்டருக்கும் செய்தது போலிருக்கும். சீட் கிழிந்ததிலிருந்து உள்ளே இருந்த ஸ்பாஞ்சு மழைத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு, அவள் உட்காரும்போதெல்லாம் திருப்பிக் கொடுத்தது. ஈர பேண்ட்டோடு கோபுரம் ஏறி இறங்கி, போன வாரம் காய்ச்சலில் விழுந்தாள். நாளைக் காலை மறுபடியும் போயாக வேண்டும்.

"கடையில குடுத்தா சட்டுனு முடிச்சிருப்பான்," என்றார் டைம் கீப்பர்.

"தம்பி செய்வான்."

"செய்வான், முக்கால் செய்வான். மிச்சத்துல நீ எப்படி உக்காருவ? ஒருக்களிச்சா?"

வண்டி நிறுத்தும் இடத்தில் முக்கால் வேலையைத் தொடங்கியிருந்தான். சீட்டைக் கழற்றி, பழைய போர்வையின் மேல் கவிழ்த்து வைத்திருந்தான். தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் பழைய கவரைப் பிடித்திருந்த ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின்னையும் நெம்பி, குறட்டால் பிடுங்கி, டீ கப்பில் போட்டான். ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. விழுந்தால் டயருக்கு ஆகாது. ஸ்பாஞ்சை முந்தின நாளே பிழிந்து, காய வைத்து எடுத்திருந்தான். மடித்து வந்த புதுக் கவர் வெயிலில் கிடந்து, விறைப்பு விட்டுத் தளர்ந்திருந்தது.

டைம் கீப்பர் டீயோடு வந்தபோது முன்பக்கமும் இடது பக்கமும் வலது பக்கமும் பின் அடித்தாகிவிட்டது. பின்பக்கம் மட்டும்தான் பாக்கி.

முக்கால் சீட்டை நிமிர்த்திப் பார்த்தான். ஓரத்தில் ஓட வேண்டிய தையல், சீவத் தெரியாதவன் எடுத்த வகிடு போல நடுவை நோக்கிக் கோணிக்கொண்டு போயிருந்தது. இடது பக்கத்தை மொத்தமாக அடித்துவிட்டுப் பிறகு வலது பக்கத்தை இழுத்ததன் வினை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தான் அடித்த பின்களையே பிடுங்க ஆரம்பித்தான்.

"டேய் டேய்! என்னடா பண்ற?"

"கோணிடுச்சு மாமா."

"கோணினா என்ன? உக்கார்ற இடத்துக்கு எதுக்குடா அழகு? குடு இங்க. பின்னாடி நாலு அடிச்சா முடிஞ்சுது கதை."

அவர் கையை நீட்டினார். முக்கால் மறுபேச்சில்லாமல் பின் அடிக்கும் துப்பாக்கியை அவரிடம் நீட்டினான். பழகிப்போன கை.

"என்னங்க, கையை எடுங்க." அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"உனக்காகத்தானே சொல்றேன். நாளைக்கு நீ..."

"போறவ நான். நானே சும்மா இருக்கேன், உங்களுக்கு என்ன பறக்குது? அந்த அலமாரியையும் இப்படித்தான் அவன் கையிலருந்து வாங்கி முடிச்சீங்க. தட்டு சரிஞ்சு, டப்பா எல்லாம் இன்னும் வாசலைப் பாத்து நகர்ந்துகிட்டிருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் எங்கங்க முக்கால்ல நிறுத்தினான்? நீங்கதான் முக்கால்ல வாங்கிடுறீங்க."

டைம் கீப்பர் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றார்.

முக்கால் முதலிலிருந்து தொடங்கினான். முன்னால் நடுவில் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று. பிறகு இடது பக்கம் ஒன்று அடித்தால் வலது பக்கம் ஒன்று. அடிக்கு ஒரு தரம் நிமிர்த்தி, தையல் ஓரத்தில் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். வளைவில் சுருக்கம் விழுந்தபோது, அக்காவின் ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டி, கட்டைவிரலால் நீவினான். சுருக்கம் கரைந்து போனது. டைம் கீப்பர் முதலில் வாட்சைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு வாட்ச் இருப்பதே மறந்துபோனது.

"மாமா, இந்த மூலையைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்களேன்."

அவர் பையிலிருந்து கையை எடுத்தார். மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்பது போலப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் பின் இறங்கியது. சீட்டின் மூக்கை வண்டியின் பள்ளத்தில் செருகி, பின்பக்கத்தை முக்கால் ஓங்கி அமுக்கினான். டக்.

அக்காள் ஒரு சொம்புத் தண்ணீரைச் சீட்டின் மேல் சாய்த்தாள். முத்து முத்தாக உருண்டு ஓரமாக வழிந்து போனது. துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள், குதித்துப் பார்த்தாள், எழுந்து, பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொட்டு ஈரம் இல்லடா!"

டைம் கீப்பர் குனிந்து, தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் பின்தொடர்ந்தார். எங்கேயும் இடறவில்லை. திரும்பவும் ஒரு முறை தடவினார். இந்த முறை குறை தேடி அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்ள, அந்த அலமாரியையும் ஒரு தடவை கழட்டிப் பாக்குறியா?"

"பாக்கலாம் மாமா." பின்கள் கிடந்த டீ கப்பை எடுத்துக்கொண்டே முக்கால் சொன்னான். "நீங்க டிப்போவுல இருக்குற நாளா சொல்லுங்க."