கொழுக்கட்டைப் புல்

அளவுக் கயிறு தொய்கிறது, கொஞ்சம் இழுத்துப் பிடி என்றுதானே சொன்னார், அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் விசேஷமில்லை, தாட்சாயிணி முளைக்குச்சியில் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்தாள், அவர் முள்வேலிக்குள் குனிந்து ஒவ்வொரு புல்லாகத் தொட்டு வாயில் நுழையாத பேராகச் சொல்லிக்கொண்டே போனார், மழை வரும்போல இருந்தது, போகலாமா என்றாள், இரு, இந்த மூலை மட்டும் என்றார்... அந்த மூலையை முடித்தாரா? அதுதான் ஞாபகம் வரவில்லை. நனைந்து வந்தது ஞாபகமிருக்கிறது, துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தது, ராத்திரி பிடித்த ஜுரம், ஐப்பசி முடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

இப்போது அவள் தனியாக ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறாள். ஓரகத்தி சொர்ணம் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம். வருஷம் திரும்புகிறவரை வாசற்படி தாண்டாதே, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று சொர்ணம் சொல்வதில் கோபம் கிடையாது, கவலைதான். ஆனால் புல் வருஷம் திரும்புகிறவரை காத்திருக்குமா? இந்த மார்கழியைத் தாண்டினால் காய்ந்து உதிர்ந்துவிடும். தலைமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், வழியில் யாரும் எதிர்ப்படவில்லை, எதிர்ப்பட்டிருந்தால் அவர்கள்தான் ஒதுங்கியிருப்பார்கள்... யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியான சித்திரையில்தான் இவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு திருநின்றவூருக்கு வந்தார்கள், பயம் தெளிந்து எல்லோரும் திரும்பிப் போனபோது இவர் மட்டும் போகவில்லை, காலையில் ரயிலேறிக் காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். ஆடு மேயாமல் விட்டால் இந்தத் தரையில் என்ன முளைக்கும்? அவ்வளவுதான் அவருடைய கேள்வி. அதற்காக ஓர் அறையளவு இடத்தைச் சுற்றி முள் அடைத்தார், பக்கத்தில் அதே அளவு இடத்தைத் திறந்தே விட்டார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றார். முள் வெட்டிவந்து போட்டவன் ஆடு மேய்க்கிற வேம்புலி. "மன்ஷன் ஊட்டுக்கே வேலி இல்ல, வாத்யாரு புல்லுக்குப் போட்டுகினு கீறாரு" என்று அவன் சொன்னபோது, எங்க வீட்ட எந்த ஆடுப்பா மேயப்போகுது என்று இவரும் சிரித்துவிட்டார்.

போன வருஷ மழைக்கு வேலிக்குள் அறுகும் நெருஞ்சியும்தான் வந்தன. கொழுக்கட்டைப் புல் மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கிறது தாட்சா, ஆட்டுக்கு அதன்மேல்தான் ஆசை, தலைதூக்க விடவில்லை, இந்த மழைக்கு அணில் வால் மாதிரி பூ விடும் பார் என்று சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் புல்லுக்காகக் காத்திருக்கிற மனுஷர் என்று ஒரு தடவை நினைத்தாள், சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பாரோ? அவர் சொன்னது சரிதானா என்று யாராவது பார்க்கவேண்டாமா, காலேஜிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் புல்லைப் பற்றிக் கேட்கவில்லையே... அது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டால் போதும், பிறகு சொர்ணம் சொல்கிறபடி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

கரை ஏறியதும் இடம் தவறிவிட்டோமோ என்று நினைத்தாள். வேலி இல்லை. மேய்ச்சல் தரை நடுவில் ஓர் அறையளவு வெறும் மண், ஒரு புல் கிடையாது, சாணி தெளித்து மெழுகினமாதிரி இருந்தது. அவளைப் பார்த்துவிட்டு வேம்புலி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வாத்யாரு எடம் பொதரு மண்டிப் பூட்ச்சும்மா, மன்சு கேக்கல. காரியத்துக்கு மொத நாளு நானும் எம் பொஞ்சாதி அங்கம்மாவும் ஒக்காந்து எல்லாத்தையும் வேரோட புட்ங்கிட்டோம். முள்ளும் மக்கிப் போச்சு, அத்த அடுப்புக்கு எட்த்துகினா."

"புல்லு பூத்திருந்ததா வேம்புலி? அணில் வால் மாதிரி?"

"நா எங்கம்மா பாத்தேன்? புட்ங்கினத ஆட்டுக்குப் போட்டேன், நல்லா துன்னுட்ச்சுங்க." அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "இன்னாம்மா, தப்பு பண்ணிட்டனா?"

செத்தவருடைய இடத்தைச் சுத்தம் செய்தவனிடம் என்ன சொல்வது, இந்த ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு யார் செய்தார்கள், சொந்தத் தம்பியே சொர்ணத்தைத் துணைக்கு விட்டுவிட்டுக் காரியம் முடிந்த கையோடு ரயிலேறிவிட்டான்... "இல்லை. சுத்தமா இருக்கு" என்றாள். நல்லா தின்றதாமே, நல்லா என்றால் அது கொழுக்கட்டைப் புல்லாகத்தான் இருக்கவேண்டுமா, அறுகைத் தின்றால் மட்டும் நல்லா தின்னாதா? அவர் இருந்தால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேம்புலியை இருட்டுகிறவரை விட்டிருக்கமாட்டார்.

வெயில் இறங்கிவிட்டது. ஏரியில் தண்ணீர் குடித்த ஆடுகள் கரைமேல் ஏறிவந்தன. முன்னால் வந்த கிடாய் நேராக நடந்து மெழுகின மண்மேல் ஏறப்போகிறது என்று தாட்சாயிணி ஓரடி முன்னால் வைத்தாள். ஏறவில்லை. முள் இருந்த மூலைக்கு வந்ததும் திரும்பிற்று, பின்னால் வந்தவையும் அதே குளம்புத் தடத்தில் திரும்பின. வேம்புலி ஓட்டவில்லை, துண்டும் கையுமாக இவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நாளைக்கும் இப்படித்தான் போகுமா, எதுவரைக்கும் போகும்? கேட்க ஆள் இல்லை. வேலி போய்விட்டது, ஆடுகள் சுற்றிக்கொண்டுதான் போயின.