சாக்பீஸ் தின்ற டீச்சர்

...பைத்தியம் இல்லை, முதலில் அதுதான், ரத்தத்தில் இரும்பு குறைவு, துத்தநாகமும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான், டாக்டரம்மா எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டார், ஏதோ சட்டையில் பொத்தான் அறுந்திருக்கிறது என்கிற மாதிரி... டீச்சர் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்பாட்டுக்குச் சிரித்தாள், பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள், பார்க்கட்டுமே. இரண்டு வருஷமாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடப் போனதும் கதவை ஒருக்களித்துவிட்டு ஒரு சாக்பீஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வாள், கறுக்கென்று உடையும்போது என்ன ஆனந்தம், விழுங்கியதும் என்ன அவமானம்! எம்.ஏ. படித்தவள் செய்கிற காரியமா? தலைமையாசிரியர் வேறு, "உங்க கிளாஸ்ல மட்டும் சாக்பீஸ் இப்படிக் கரையுதே, நிறைய எழுதிப் போடறீங்கபோல" என்று எல்லார் எதிரிலும் மெச்சினாரே, அன்றைக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டாள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றுதான் போனாள், டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே, "சாப்பாடு இல்லாம வேற எதையாவது திங்கணும்னு தோணுதா? மண்ணு, ஐஸ்கட்டி, சாக்பீஸ்?" என்று கேட்டதும் காது வரைக்கும் சூடேறி... என்னைப்போல இன்னும் ஆள் இருக்கிறார்களா? நிறையவாம்! சாக்பீஸில் அந்தச் சத்தே கிடையாதாம், உடம்பு எதையோ கேட்கிறது, இன்னதென்று கேட்கத் தெரியாமல் கையில் அகப்பட்டதைக் கேட்கிறது, பாவம்... ஒரு நாளைக்கு வேண்டியது நகக்கண்ணில் ஒட்டுகிற அளவுதான், மில்லிகிராம் கணக்கு, அதற்கு இத்தனை ஆட்டமா! கீரை, பருப்பு, முட்டை, கறி, மேலே எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது, அடக் கடவுளே, அவள் கை காய்வதற்குள் டீயைத் தேடுகிற ரகமாயிற்றே... மாத்திரையும் உண்டு, ரத்தம் ஏன் குறைகிறது என்று பார்க்க இன்னொரு பரிசோதனையும் உண்டு, செய்துவிடலாம், எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம், இப்போது யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும், யாரிடம்? அம்மாவிடம்தான், சின்ன வயதில் சுவரைச் சுரண்டித் தின்றதற்கு வாயிலேயே ஒன்று போட்டாளே...

அம்மா போனை எடுத்ததும் கொட்டித் தீர்த்தாள். "அம்மா, அது திமிரு இல்ல, சத்துக் குறைவும்மா! என்னை வீணா அடிச்சே, தெரியுமா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மறுமுனையில் நறநறவென்று எதையோ மெல்லும் சத்தம்...

"என்னம்மா திங்கறே?"

"ஒண்ணுமில்லடி, பச்சரிசி. சும்மா, வாய்க்கு."

சும்மா, வாய்க்கு... துணி மடிக்கும்போதும், பேப்பர் படிக்கும்போதும் அம்மாவின் உள்ளங்கையில் ஒரு பிடி இருக்கும், 'அரிசி ஆலை' என்று அப்பா கேலி செய்வார், எல்லாரும் சிரிப்போம்... "எப்பலேர்ந்தும்மா?"

"உங்கண்ணன் வயித்துல இருந்தப்பலேர்ந்து. ஏன்?"

மெல்லும் சத்தம் நின்றது. பிறகு குரலைத் தணித்து, பக்கத்தில் அப்பா இருந்தாரோ என்னவோ, "அதுவும் இதுதானாடி?" என்று கேட்டாள் அம்மா, பிடிபட்ட பிள்ளையின் குரலில். டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்... நாற்பது வருஷமாக அவளிடம் இதை ஒருத்தராவது கேட்டிருப்போமா, சிரித்ததைத் தவிர?