மஞ்சளாக இருக்க வேண்டிய தட்டு

கலீம் மாமாவின் ரத்தத்திலிருந்து பிரித்த செல்களை என்னோடு லேபில் வேலை செய்யும் அனுசுயா நல்லெண்ணத்தோடு பாழாக்கினாள். நல்லெண்ணம் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்கள் லேபில் ஒரு பழக்கம். செல்கள் வளரும் சிவப்புத் திரவம் மஞ்சளானால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். யார் கண்ணில் படுகிறதோ அவர் மாற்றிவிடுவார். யாருடையது என்று கேட்பதில்லை. ஆனால் என் ஆராய்ச்சியே அந்த அமிலம்தான். குடல் வீங்கிப் புண்ணான இடத்தில் அமிலம் கூடும். நோய் எதிர்ப்புச் செல்களின் மேலுள்ள ஏற்பிகள் அதை உணர்கின்றன. சில செல்லை அடக்கும், சில உசுப்பிவிடும். மாமாவின் செல்களில் எது நடக்கிறது என்று பார்க்க நானே அமிலம் சேர்த்து வைத்திருந்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் செல்கள் இருந்த தட்டு புதுத் திரவத்தோடு பளிச்சென்று சிவந்திருந்தது.

"மஞ்சளா இருந்துச்சு ரிஃபானா. உனக்கு ஒரு வேலை மிச்சம்னு நெனச்சேன்" என்றாள் அனுசுயா. மூடியில் 'மாற்ற வேண்டாம்' என்று நான் எழுதியிருந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் என் கையும் அப்படித்தான் ஓடியிருக்கும்.

மறுபடி ரத்தம் எடுக்கவும் வழியில்லை. மாமா சவூதியில் தம்மாமிலிருந்து குடல் புண்ணோடு திரும்பியவர். தில்லை நகர் டாக்டர் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தம் அது. மாத்திரை உள்ளே போனபின் செல்களின் குணமே மாறிவிடும். மருந்து படாத இன்னொரு நோயாளி கிடைக்காமல் என் ஆய்வு முடியாது.

மறுநாள் காலை தென்னூருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரையை அவர் ஒதுக்கி வைத்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? ஒரு வாரம் நிறுத்திடறேன். வந்து எடுத்துக்க. டாக்டர்கிட்ட மூச்சு விடமாட்டேன்."

உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போதுமா என்று மனம் கணக்குப் போட்டது. அதற்குள் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

"மாத்திரையப் போடுங்க மாமா."

"உன் டாக்டர் பட்டம்?"

"அது கெடக்கு. போடுங்க."

விழுங்கினார். எனக்காக நாக்கடியில் ஒளித்து வைத்திருப்பாரோ என்ற சந்தேகத்தில் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினார். ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.