பாட்டுக்காகச் சேர்த்த கிடங்கு

2006இல் ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. அந்த லேபிளை அடிக்கும் லினக்ஸ் புரோகிராம் அன்று திறக்கவே மாட்டேன் என்றது.

காரணம் அடுத்த ஷிப்டு பிரதாப் அண்ணன். பிரிண்டர் டிரைவருக்காக நான் ஒரு வெளியாள் ரிப்பாசிட்டரியைச் சேர்த்திருந்தேன். லினக்ஸ் தருபவர்கள் நடத்தாமல், வேறு யாரோ இணையத்தில் நடத்தும் மென்பொருள் கிடங்கு அது. மனுஷன் பாட்டுக் கேட்பதற்காக அதே கம்ப்யூட்டரில் இன்னொன்றைச் சேர்த்துவைத்திருந்தார். புரோகிராம்கள் ஓடத் தேவையான ஒரே லைப்ரரிக் கோப்பை இரண்டும் வெவ்வேறு பதிப்பாக இறக்கியதில் லேபிள் புரோகிராம் படுத்துவிட்டது.

லாரி டிரைவர் முனிசாமி மறுபடி வந்து நின்றார்.

"ஏம்மா யுவஸ்ரீ, எப்பத்தான் குடுப்ப? சானமாவு காட்டுலருந்து ஆனை எறங்கிட்டா ரோட்ட அடைச்சிருவாங்க."

"இதோ ஆயிருச்சிண்ணா."

ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு லோடு தவறினால் என் காண்ட்ராக்டை முடித்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போனால் கெலமங்கலத்தில் வீட்டார் உடனே மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

இரண்டு கிடங்குகளையும் அணைத்துவிட்டு, பழைய லைப்ரரியை இன்ஸ்டால் சிடியிலிருந்து போட்டேன். சிடி பாதியில் சுற்றாமல் நின்றபோது அழுதேவிட்டேன். துடைத்துத் திரும்பப் போட்டதும் ஓடியது. புரோகிராம் திறந்தது, லேபிள்களும் வர ஆரம்பித்தன. முதலில் பாதி லோடையாவது ஏற்றட்டும் என்று, வந்தவரை கிழித்துக்கொண்டு லாரிக்கு ஓடினேன்.

மீதியை அடிக்கத் திரும்பி வந்தால் ஷிப்டு மாறியிருந்தது. என் நாற்காலியில் பிரதாப் அண்ணன். ஸ்பீக்கரில் பாட்டு.

"யாரோ ரிப்பாசிட்டரி ரெண்டயும் ஆஃப் பண்ணி வச்சிருந்தாவ. நான் ஆன் பண்ணி அப்டேட்டும் குடுத்துட்டேன். ஒன்னோடதயும் சேத்துத்தான்" என்றார், பெரிய உதவி செய்த முகத்தோடு.

அவரை நகரச் சொல்லாமலே குனிந்து லேபிள் புரோகிராமைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். வெளியே முனிசாமி அண்ணன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பாதி லோடு போனாலும் மேனேஜருக்கு அது தவறிய லோடுதான்.

"பாட்ட நிறுத்துங்கண்ணா" என்றேன்.

அவர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.