கட்டைக் கோது

ஊவேயின் வலது கண்ணைப் பறித்தது நான் செய்த தோட்டா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசிக் கடைசியில் கையை விரிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. மூன்று கிழமையாக நானும் அப்படி ஒரு ஆளாகத்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே நாங்கள் இருக்கிற ஊரில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் உண்டு. அதில் நான் ஒருவன்தான் தமிழன். "ஜேசுரட்ணம், அங்க வெடிக்குப் பயந்து ஓடிவந்தனீர், இஞ்ச சந்தா கட்டி வெடி வைக்கிறீர்" என்று எங்கள் ஊர்க்காரர் செல்வராசா அண்ணை கண்ட இடத்திலெல்லாம் நக்கலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும். அங்கே, சண்டைக் காலத்தில், துவக்கு எப்போதும் மற்றவன் கையில் இருந்தது, குழல்வாய் என் பக்கம் இருந்தது. இங்கே அது என் கையில் இருக்கிறது, எதிரே வெறும் இரும்புத் தட்டு. அந்த நிம்மதி அவருக்கு விளங்காது.

என்னுடையது மக்னம் ரகச் சுழல்துப்பாக்கி. அதற்குரிய தோட்டா நீளம், உதை பலம். எனக்கோ பதினொரு வருடம் உணவகத்தில் சட்டி கழுவிய மணிக்கட்டு. பத்து வெடி வைத்தால் மறுநாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியாது. நல்லகாலமாக அதே துவக்குக்குள் 'முப்பத்தெட்டு' என்கிற கட்டைத் தோட்டாவும் போகும். பருமன் ஒன்றுதான், நீளம் குறைவு. கடையில் வாங்குகிற முப்பத்தெட்டு மிகவும் மெது. அது பட்டால் சில தட்டுகள் ஆடிவிட்டு விழாமல் அப்படியே நிற்கும். அதனால் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, வெடிமருந்துக்கு அனுமதி எடுத்து, நானே செய்யத் தொடங்கினேன். கட்டைக் கோது, அதாவது முப்பத்தெட்டின் குட்டையான பித்தளை உறை. மருந்து மக்னத்தைவிடக் குறைவு, கடை முப்பத்தெட்டைவிடக் கூட. என் துவக்குக்கு அது மோர் குடித்த மாதிரி.

வேலையில் என்னிடம் குற்றம் பிடிக்க முடியாது. ஞாயிறு காலை, வீட்டுக்குக் கீழே கெல்லரில், வானொலி இல்லை, கைப்பேசி இல்லை. மனைவி ரோஹிணி படியில் நின்று கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஒவ்வொரு கோதுக்கும் மருந்தை நிறுத்துப் போடுவேன். இந்த மருந்து கோதில் பாதிகூட நிறையாது. தவறி இரண்டு தரம் போட்டாலும் வெளியே வழியாது. ஆகவே ஐம்பது கோதையும் பலகையில் நிறுத்தி, டோர்ச் அடித்து, ஒவ்வொன்றாக உள்ளே பார்த்த பிறகுதான் மேலே ஈயச் சன்னத்தை வைத்து அழுத்துவேன்.

பெட்டியில் திகதியும் மருந்தளவும் எழுதுவேன். அதற்குக் கீழே, 'மக்னத்துக்கு மட்டும். முப்பத்தெட்டுத் துவக்கில் போடக்கூடாது.' எல்லாம் தமிழில். ஒருமுறை இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் நான் ஜெர்மனில் எழுதிய அறிக்கையை மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால் உரக்க வாசித்துச் சிரித்தார். ஒரு சொல்லில் மூன்று பிழையாம். அன்றிலிருந்து வேலைக்கும் விண்ணப்பத்துக்கும் தவிர ஒரு ஜெர்மன் எழுத்து எழுதியதில்லை. கெல்லர் என்னுடைய இடம் என்று எனக்கு ஒரு திமிர்.

மக்னம் தோட்டாவை நீளமாகச் செய்ததே அது பலவீனமான முப்பத்தெட்டுத் துவக்குக்குள் நுழையக்கூடாது என்பதற்காகத்தான். என்னுடையது பலம் கூடியது, ஆனால் கட்டை. அது நுழையும். தெரிந்துதான் எழுதி வைத்தேன்.

ஊவே நகரப் பேருந்து ஓட்டுகிறவன். பத்தொன்பது வருடச் சிநேகிதம். என்னைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். அவனிடம் இருந்தது தகப்பன் விட்டுப்போன பழைய முப்பத்தெட்டு. சனிக்கிழமைப் போட்டியில் அவனுக்குத் தோட்டா முடிந்துவிட்டது. ஐந்து தா என்றான். நான் காதுக்கவசத்தோடு சுடும் கோட்டில் நின்றேன். "பையில் எடு" என்றேன். பையில் கடையில் வாங்கிய முப்பத்தெட்டுப் பெட்டி ஒன்றும் நான் செய்த பெட்டி ஒன்றும் இருந்தன. கடைப்பெட்டியை எடுப்பான் என்று நினைத்தேன். நினைத்தேன், சொல்லவில்லை. கையால் செய்த தோட்டாவை இன்னொருவர் துவக்குக்குக் கொடுக்காதே என்பது வகுப்பில் முதல்நாள் சொல்லித் தந்தது.

மூன்றாவது வெடியின் சத்தம் வேறு. திரும்பினேன். துவக்கின் மேற்பக்கம் இல்லை. இரும்புத் துண்டு ஒன்று பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தால் புகுந்திருந்தது.  ஊவே முகத்தைப் பொத்திக்கொண்டு, சங்க விதியில் உள்ளபடி, மிச்சத் துவக்கைக் குழல்வாய் முன்பக்கம் பார்க்க மேசையில் வைத்தான். 

பொலிஸ்காரர் என் பெட்டியைப் படம் எடுத்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "திகதியும் மருந்தின் பெயரும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

மறுகிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊவே தன் கட்டிலில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினான். "பொலிசுக்குச் சொல்லிவிட்டேன், பெட்டியைத் தெரிந்தெடுத்தது நான்தான் என்று" என்றான். "உன்னை இதில் இழுக்கவேண்டாம் என்றும் சொன்னேன்."

"ஏன் கடைப்பெட்டியை எடுக்கவில்லை?"

"அது பிரிக்காமல் இருந்தது. ஐந்து தோட்டாவுக்காக உன் புதுப்பெட்டியை உடைப்பது சரியில்லை என்று பட்டது. உன் கைவேலையை நம்பாமல் வேறு யாரை நம்புவது, ரட்ணம்?"

பெட்டியில் எழுதியிருந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கண்ணோடு இனிப் பேருந்து ஓட்ட விடமாட்டார்கள் என்று அவனுடைய மனைவி தொலைபேசியில் சொன்னபோதும் சொல்லவில்லை. தகப்பனின் பழைய துவக்கைச் சோதித்துப் பார்க்காமல் பாவித்த மடையன் என்று அவன் தன்னையே ஏசிக்கொண்டு கிடக்கிறானாம்.

ரோஹிணிதான் விடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"பெட்டியில எழுதினதைப் பொலிசுக்குச் சொன்னனீங்களோ?"

"திகதி எண்டு சொன்னன்."

"பொய்யோ சொன்னனீங்கள்?"

"சொன்னா அனுமதி, துவக்கு எல்லாம் போகும். வழக்கும் வரும்."

"போகட்டுமப்பா. அந்த மனுசன் தன்ர பிழை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு கிடக்குது."

"எனக்கு ஏலாது ரோஹிணி."

"உங்களுக்கு ஏலாட்டி நான் போய்ச் சொல்லுறன். எனக்கும் அதை வாசிக்கத் தெரியும்."

பயத்தில்தான் போனேன்; மனச்சாட்சி என்று பெருமையடிக்க மாட்டேன். ஊவே அப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். சமையலறையில், கட்டுப் போட்ட பக்கம் சுவரில் இருக்கும்படி உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தைக் கூட்டியது, பெட்டியில் எழுதியது, பொலிசுக்குப் பொய் சொன்னது. 

"எழுதியதை அப்படியே சொல்" என்றான்.

முதலில் தமிழில் சொன்னேன், பிறகு ஜெர்மனில். 

"மேசையில் பெட்டியைத் திறந்தபோது அந்த எழுத்துகளைப் பார்த்தேன்" என்றான். "அழகாக இருக்கிறது, பெயர் எழுதியிருக்கிறான் போல என்று நினைத்தேன். ரட்ணம், அந்த ஆபத்துத் தெரிந்த ஆள் நீ ஒருவன். சங்கத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஆளும் நீ ஒருவன். பிறகு யாருக்காக எழுதினாய்?"

 மன்னிப்புக் கேட்டேன். அவன் எழும்பி, கண் போன பக்கத்துத் தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு, என் ஜாக்கெட்டை எடுத்துத் தந்தான்.

அங்கிருந்து நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முன்மேசையில் ஒரு தாள் வாங்கி, நின்றபடியே, பெட்டியில் உண்மையில் எழுதியிருந்ததையும் நான் சொன்ன பொய்யையும் ஜெர்மனில் ஆறு வரியில் எழுதினேன். எப்படியும் பிழைகள் இருந்திருக்கும். அந்த உத்தியோகத்தர் ஒருமுறை வாசித்தார், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.