கடைசி ஆளுக்குத் தண்ணீர் வேலை

பெட்டியைத் தூக்கப் போகிற நேரத்தில்தான் செய்தி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேவின் வீட்டிலும் சாவாம், அடக்கம் இன்றைக்கேயாம். இழவுக்கு வந்தவர்கள் வாயிலிருந்த புகைக்குழாயை எடுத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சபைனா பதறி எழுந்தாள். பதறாமல் என்ன செய்வாள்? ஒரே கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே நாளில் இரண்டு பேர் போனால், பிந்திப் புதைபடுகிறவர் தலையில்தான் அந்த வேலை விழும். அடுத்த பிணம் வரும்வரை, பாவம் தீரத் தாகத்தோடு வெந்துகிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கெல்லாம் அவர்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். அவள் புருஷன் மாலக்கி நொண்டிக்காலோடு ஆயுசு முழுக்க அடிவாரத்துக் கிணற்றிலிருந்து மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவன். செத்தும் அதே பிழைப்பா?

“கேவின் கிழவன்தான் போயிருப்பான். பனிக்காலத்துல இருந்தே இழுத்துக்கிட்டுக் கெடந்தான்,” என்றான் மாலக்கியின் தம்பி ஃபெஸ்டஸ்.

“எவனோ போகட்டும். எங்க வீட்டு மனுஷன் முந்தணும். குறுக்குவழியில தூக்குங்க!”

“அண்ணி, பொணத்தைச் சுத்துவழியாத்தானே கொண்டுபோகணும்? தொலைஞ்சா போதும்னு ஓடுறாங்கன்னு ஊரு காறித் துப்புமே!”

“துப்பட்டும், தொடைச்சுக்கறேன். அவரு மூச்சிரைக்க மேடு ஏறினப்ப எந்த ஊரு வந்து வாளியைப் பிடிச்சுது?”

பெட்டி இருந்த நாற்காலிகளை வழக்கப்படி கவிழ்த்துப் போட்டார்கள். முறைப்படி ஒரே குடும்பப் பெயர் கொண்ட நால்வர் தோள் கொடுக்க, ஊர்வலம் குறுக்குவழிச் சதுப்புக்குள் இறங்கியது. அப்பப்பா, அது சவ ஊர்வலமா, ஓட்டப்பந்தயமா! முழங்கால்வரை சேறு. ஒப்பாரிக்காரி மூச்சு வாங்கி ராகத்தையே விட்டுவிட்டாள்.

“ராத்திரி பூரா குடிச்ச பீரெல்லாம் எங்கடா போச்சு? நடங்க!” என்று சபைனா பின்னாலிருந்து விரட்டினாள்.

கல்லறை வாசலை அவர்கள் எட்டியபோது கேவின் வீட்டுக் கூட்டம் அப்போதுதான் சாலை வளைவில் திரும்பியது.

“முந்திட்டோம் அண்ணி!”

சபைனா திரும்பிப் பார்த்தாள். முன்னால் வந்தவன் கேவின் கிழவனேதான், உயிரோடு. அவனும் அவன் மகனுமாக இரண்டே பேர் தூக்கி வந்த வெள்ளைப் பெட்டி சின்னதாக இருந்தது.

“பேத்தி போலிருக்கு,” என்று ஒப்பாரிக்காரி முனகினாள். “எட்டு வயசு.”

ஃபெஸ்டஸ் வாசலுக்குள் கால் வைக்கப் போனான்.

“நில்லு!” சபைனா குறுக்கே போய் நின்றாள். புருஷன் செத்ததிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை.

கேவின் கிழவனுக்குப் புரிந்துவிட்டது. “வேணாம்மா. நீதான் முந்தி வந்தே, நீ போறதுதான் நியாயம்.”

“நியாயத்தை நீங்களே வச்சுக்குங்க. புள்ளையை உள்ள கொண்டுபோங்க.”

வெள்ளைப் பெட்டி அவளைக் கடந்து போனது. சபைனா மாலக்கியின் பெட்டிமேல் கையை வைத்தாள்.

“கோவிச்சுக்காதீங்க,” என்றாள். “அந்தப் பிஞ்சால ஒரு வாளி தூக்க முடியாது. கொஞ்ச நாளைக்குத்தான். இந்த ஊர்ல சாவுக்கா பஞ்சம்?”